வாடை இல்லாத தண்ணீர்

குட்டையைச் சுற்றி முள்கம்பி போட்டால் பேதி நின்றுவிடும் என்று சொன்னவள் பெரியவள்தான். கம்பி போட்டாயிற்று. பேதி நிற்கவில்லை. நிற்காமல் இருந்தாலாவது பரவாயில்லை, கூடிவிட்டது.

போன வாரக் கதையில் அவளை அந்தக் கம்பி வேலிக்குப் பக்கத்தில்தான் விட்டுவிட்டு வந்தோம். கையில் முகாமின் வரைபடம், முகத்தில் ஜெயித்த களை. அந்தக் களையெல்லாம் இந்த வாரம் போன இடம் தெரியவில்லை.

வெள்ளம் ஊர் ஊராக வாரிக்கொண்டு போனபின் மிஞ்சிய சனங்களைக் கொண்டுவந்து போட்ட இடம் இந்தப் பழைய கிடங்கு. சிமெண்டு மூட்டையும் உர மூட்டையும் அடுக்கிக் கிடந்த கொட்டகைகளில் இப்போது குடும்பங்கள். நடுவில் படுதாவைத் தொங்கவிட்டால் அது சுவர். படுதாவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் இருமினால் இந்தப் பக்கம் இருப்பவனுக்குத் தூக்கம் போகும்.

பெரியவளின் அப்பா வாலிபத்திலிருந்து மூட்டை தூக்கிய கிடங்கு இது. தோள்பட்டையில் இன்னும் ஒரு காய்ப்பு இருக்கிறது, கழுதை முதுகு மாதிரி. அந்தத் தோள்தான் பெரியவளைப் படிக்க வைத்தது, சின்னவனுக்கு ஸ்டியரிங்கைப் பிடித்துக் கொடுத்தது. அக்காள் இங்கே நோய்க் கண்காணிப்பாளர். தம்பி இதே முகாமுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறான்.

"எம் பொண்ணு நோயைப் புடிக்கிறா, எம் பையன் தண்ணி குடுக்கிறான். வேற என்னய்யா வேணும்?" என்று டீக்கடையில் அப்பா கேட்பார். யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். சொல்லாவிட்டாலும் மறுநாள் திரும்பக் கேட்பார்.

பெரியவளின் வேலை கேட்பதற்கு எளிது. தினமும் கொட்டகை கொட்டகையாகப் போய், யாருக்கு வயிற்றால் போகிறது, எத்தனை தடவை போனது, எங்கே தண்ணீர் பிடித்தார்கள் என்று விசாரிக்க வேண்டும். எங்கே கூடுகிறது என்று பார்க்க வேண்டும். கூடுகிற இடத்தில் காரணத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். முகாமில் அவளுக்கு 'எத்தனதடவ அக்கா' என்று பேர். பிள்ளைகள் அவளைத் தூரத்தில் பார்த்ததுமே "இன்னைக்குப் போகவே இல்லக்கா" என்று கத்திவிட்டு ஓடும். அவளும் சிரிப்பாள்.

இன்றைக்குச் சிரிக்கவில்லை. விடிந்ததும் ஒரு சாவு. கொத்தனார் ஒருவர். பேதியில் போனவரை வைத்திருக்கக் கூடாது என்பது விதி. வெயில் ஏறுவதற்குள் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, சுண்ணாம்பு போட்டு, மூடியாயிற்று. குழியருகே நின்ற நாலு பேரில் பெரியவளும் ஒருத்தி. கொத்தனாரின் பெண்டாட்டி அங்கே இல்லை. அவளும் அதே பேதியில் பெண்கள் கூடாரத்தில் படுத்திருந்தாள்.

அங்கேதான் பெரியவள் நேராகப் போனாள்.

சிகிச்சைக் கூடாரத்து வாசலில் பிளீச்சிங் தண்ணீர் ஊற்றிய மிதிதொட்டி ஒன்று உண்டு. செருப்போடு அதில் மிதித்துத்தான் உள்ளே போக வேண்டும். வாடை மூக்கைப் பிடுங்கியது. கண்ணில் நீர் கோத்தது. நல்லதாகப் போயிற்று, காரணம் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

உள்ளே வரிசையாகக் கட்டில்கள். ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு ஓட்டை, ஓட்டைக்கு நேர் கீழே வாளி. எழுந்து போகத் தெம்பில்லாதவர்களுக்கு அதுதான் ஏற்பாடு. மானம் மரியாதை எல்லாம் அந்த வாளியோடு சரி.

கொத்தனார் பெண்டாட்டி தையல்காரி. வெள்ளத்தில் பாத்திரம் பண்டமெல்லாம் போகட்டும் என்று விட்டு, தையல் மிஷினின் தலையை மட்டும் கழற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவள். கன்னம் ஒட்டி, கண் குழிக்குள் போய், இரண்டே நாளில் கிழவி மாதிரி ஆகியிருந்தாள். இரண்டு கையிலும் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது.

"எத்தன தடவன்னு கேக்க வந்தியாம்மா? எண்ணுறத விட்டுட்டேன்" என்றாள்.

"கேக்க வரல. சும்மா பாத்துட்டுப் போலாம்னு."

"அவரு எப்படி இருக்காரு?"

பெரியவள் டிரிப்ஸ் பாட்டிலைப் பார்த்தாள். சொட்டு ஒழுங்காகத்தான் விழுந்தது. இருந்தாலும் திருகைத் தொட்டுப் பார்த்தாள். "நீ முதல்ல இதக் குடி" என்று உப்பு சர்க்கரைக் கரைசலை வாயருகே கொண்டுபோனாள்.

தையல்காரி இரண்டு மடக்குக் குடித்தாள். அப்புறம் மெதுவாக, குறை சொல்கிற குரலே இல்லாமல், கணக்குப் புரியாத பிள்ளை வாத்தியாரிடம் கேட்பது போலக் கேட்டாள்.

"உம் பேச்சக் கேட்டுத்தாம்மா நடந்தேன். குட்டைப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்கல. தண்ணி காய்ச்சறதையும் விட்டுட்டேன். லாரித் தண்ணியில மருந்து இருக்கு, விறக வீணாக்காதே, அப்படியே குடின்னு சொன்னியே. அப்படியேதான் குடிச்சோம், நானும் அவரும். அப்புறம் எப்படி வந்துச்சு?"

பெரியவள் கரைசல் டம்ளரைக் கீழே வைத்தாள்.

சொன்னது நிஜம். நாலு பேர் பார்க்கத்தான் சொன்னாள். முகாமில் எல்லோரும் குட்டைத் தண்ணீரைப் பச்சையாகக் குடித்தபோது, தையல்காரி ஒருத்திதான் சுள்ளி பொறுக்கிக் காய்ச்சிக் குடித்தாள். வேலி போட்ட அன்றைக்கு, குடத்தோடு வந்து நின்றவளைப் பெரியவள் பிடித்துக்கொண்டாள். "இன்னும் இந்தச் சாக்கடையத்தான் காய்ச்சிக் குடிப்பியா? லாரி வாசல்ல வந்து நிக்குது, அதப் புடிச்சுக் குடிக்கறதுக்கு என்ன கேடு?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தையல்காரி குடத்தைக் கவிழ்த்துக்கொண்டு போனாள்.

"பாக்குறேன்" என்றாள் பெரியவள். "என்னன்னு பாத்துச் சொல்றேன்."

வெளியே வந்தபோது மிதிதொட்டியின் வாடை மறுபடி அடித்தது. அங்கேயே நின்றுவிட்டாள்.

குட்டைதான் காரணமென்றால், குட்டையை விட்டவர்களுக்குக் குறைந்திருக்க வேண்டும். அவர்களுக்குத்தான் கூடியிருக்கிறது. ரோட்டோரக் கொட்டகைகளில்தான் நோய் அதிகம் என்று முதல் நாளே வரைபடத்தில் பார்த்தாள். குட்டையும் அந்த ஓரம்தான். அதனால் குட்டை என்றாள். அந்தக் கொட்டகைகளுக்குப் பொதுவாக இன்னொன்றும் உண்டு. ஒரு லாரி. மற்ற கொட்டகைகளுக்கு வேறு லாரிகள் தண்ணீர் ஊற்றின. ரோட்டோரத்துக்கு ஊற்றியது ஒரே லாரி.

அதை ஏன் அவள் ஒரு தரம்கூட நினைக்கவில்லை என்று உங்களுக்குத் தோன்றும். அவளுக்கும் தோன்றியது. விடையும் தெரிந்தே இருந்தது. அது நம்ம வண்டி.

ரோட்டோரக் கொட்டகையில் முதல் படுதாவை விலக்கினாள். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி, கேட்காமலே சொம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினாள்.

"குடிங்கக்கா, மூஞ்சியெல்லாம் வாடிக் கெடக்கு. சக்கரை வண்டித் தண்ணி."

தம்பிக்கு முகாமில் அதுதான் பேர், சக்கரை. அவன் லாரி சக்கரை வண்டி. மற்ற லாரித் தண்ணீரெல்லாம் மருந்து நாறும், அவன் தண்ணீர் மட்டும் தித்திக்கும் என்று பெண்கள் அந்தப் பக்கத்திலிருந்துகூடக் குடத்தோடு வருவார்கள். அதைக் கேட்டுப் பெரியவளுக்கும் ஒரு பூரிப்பு இருந்தது. பொய் சொல்வானேன், இருந்தது.

சொம்பை மூக்கருகே கொண்டுபோனாள். ஒரு வாடையும் இல்லை. மழைத் தண்ணீர் மாதிரி இருந்தது.

பையிலிருந்து சோதனைக் குழாயை எடுத்தாள். விரல் நீளம்தான் இருக்கும். தண்ணீரை ஊற்றி, ஒரு மாத்திரையைப் போட்டு, மூடிக் குலுக்க வேண்டும். தண்ணீரில் போதுமான குளோரின் இருந்தால் ரோஸ் நிறம் வரும். எவ்வளவு ரோஸோ அவ்வளவு பத்திரம்.

குலுக்கினாள். வெளிச்சத்தில் பிடித்தாள். மறுபடி குலுக்கினாள்.

தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

"என்னக்கா, நல்லா இருக்கா?" என்றாள் சொம்பு கொடுத்தவள்.

"இதக் குடிக்காதே. குழந்தைக்குக் குடுக்கவே குடுக்காதே. நான் சொல்ற வரைக்கும் காய்ச்சிக் குடி."

"நீங்கதான காய்ச்ச வேண்டாம்னீங்க?"

"நாந்தான் சொன்னேன்" என்றாள் பெரியவள். "இப்பவும் நாந்தான் சொல்றேன்."

அடுத்த படுதாவுக்கும் அதற்கடுத்ததற்கும் போய் அதையே சொன்னாள். கூட வேலை செய்கிற பெண்களைக் கூப்பிட்டு, ஒவ்வொரு குடத்திலும் மருந்து ஊற்ற அனுப்பினாள். பிறகு ஆற்றங்கரைக்கு நடந்தாள்.

லாரிகள் தண்ணீர் ஏற்றுகிற இடம் அது. ஆற்றில் இன்னும் செந்தண்ணீர்தான். பம்பு இழுத்துத் தொட்டியில் விட்டு, தெளியவிட்டு, லாரியில் ஏற்றுவார்கள். ஏற்றும்போது டிரைவர்தான் வாளியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து மேலே ஏறி ஊற்ற வேண்டும். லாரி முகாமுக்குள் நுழைந்ததும் பெரியவள் ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து, சோதனைக் குழாயில் பிடித்துச் சோதிக்க வேண்டும். நிறம் வந்தால்தான் லாரிக் குழாயைத் திறக்கலாம். ஏற்பாடு அப்படி.

மற்ற லாரிகளில் அவள் ஏறினாள். ஒரு நாள் தவறியதில்லை. தம்பி வண்டி வந்து நின்றால் மட்டும், பின்பக்கம் கீழேயே நின்று, கண்ணாடியில் அவனுக்குத் தெரிகிற மாதிரி கையை ஆட்டுவாள். அவனும் ஒரு சின்ன ஹாரன் அடித்துவிட்டுப் போவான். அக்காளுக்கும் தம்பிக்கும் அது ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது.

சின்னவன் லாரியின் நிழலில் குத்த வைத்து உட்கார்ந்து குழாய் வளையத்தை இறுக்கிக்கொண்டிருந்தான். அக்காளைப் பார்த்ததும் சிரித்தான்.

"என்ன, ஆபீசரம்மா ஆத்தங்கரைக்கே வந்துட்டீங்க? இங்க ஆத்துக்கும் வயித்தால போகுதான்னு கேக்கவா?"

"மருந்து எவ்வளவு போடுற?"

சிரிப்பு அப்படியே நின்றது. முற்றிலும் போகவில்லை, பாதியில் நின்றது.

"ஏன்?"

"எவ்வளவுடா போடுற?"

"கொஞ்சம் கொறச்சுத்தான்."

"கொஞ்சம்னா?"

அவன் எழுந்து கையைக் கால்சட்டையில் துடைத்தான். "நீதானக்கா சொன்னே. அன்னைக்குச் சாப்பிட்டுட்டு இருக்கும்போது. மருந்து வாடைக்குப் பயந்துக்கிட்டு சனங்க உந்தண்ணிய ஊத்திட்டுக் குட்டைக்குப் போவுது, வாடை கம்மியா இருந்தா குடிச்சுத் தொலைக்கும்னு சொன்னியே."

சொன்னாள். வாயில் சோறு இருந்தது. கொட்டகை கொட்டகையாகச் சண்டை போட்டுவிட்டு வந்த அலுப்பு. சொன்னதும் பொய்யில்லை, சனங்கள் வாடைக்குப் பயந்துதான் குட்டைக்குப் போனார்கள்.

"வாடைன்னுதான் சொன்னேன். மருந்தக் கொறன்னா சொன்னேன்?"

"இல்ல. அப்படிச் சொல்லல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? மொதல்ல ஒரு கைப்பிடிதான் கொறச்சேன். உள்ள வந்தேன். நீ கையாட்டுனே. அப்ப சரியாத்தான் இருக்குன்னு நெனச்சேன். மறுநா இன்னும் ஒரு கைப்பிடி. அன்னைக்கும் கையாட்டுனே." அவன் குரல் இறங்கியது. "ரொம்பக் கொறஞ்சா நீ ஏறிப் பாத்துச் சொல்லிடுவேன்னு நெனச்சேங்க்கா. என் வண்டியில நீ ஏறவே இல்லைன்னு எனக்கு எப்படித் தெரியும்? நா முன்னாடி உக்காந்து ஓட்டுறேன். நீ கையாட்டுனா, மேல ஏறிப் பாத்துட்டு ஆட்டுறேன்னு நெனைப்பனா, சும்மா ஆட்டுறேன்னு நெனைப்பனா?"

பெரியவள் லாரியின் ஏணியைப் பார்த்தாள். பம்பு மட்டும் இருமிக்கொண்டிருந்தது.

அவன் அவளை நம்பிக் குறைத்தான். அவள் அவனை நம்பி ஏறாமல் இருந்தாள். இரண்டு நம்பிக்கைக்கும் நடுவில் தையல்காரியின் குடம் இருந்தது.

"கொத்தனார் செத்துட்டாருடா" என்றாள்.

"எந்தக் கொத்தனார்?"

"தையல்காரி புருஷன்."

சின்னவன் லாரியின் படிக்கட்டில் உட்கார்ந்தான். அந்தக் கொத்தனார்தான் போன வாரம் லாரி சேற்றில் மாட்டியபோது செங்கல் துண்டு பொறுக்கிவந்து சக்கரத்துக்கடியில் போட்டவர். போட்டுவிட்டு, "சக்கரை வண்டி நின்னா எங்க பொழப்பு கசந்துரும்" என்று சிரித்தவர்.

"இப்ப ஏத்துனத ஊத்திரட்டுமா?" என்று கேட்டான்.

"ஊத்து."

குழாயைத் திறந்தான். தண்ணீர் மண்ணில் விழுந்து ஆற்றுக்கே திரும்பி ஓடியது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எடைமேடை அறைதான் முகாமின் ஆபீஸ். அந்தக் காலத்தில் லாரியை எடை போட்ட ஜன்னலுக்குப் பக்கத்தில் டாக்டரின் மேசை. டாக்டர் வயதில் பெரியவளைவிட இளையவர். தூக்கமில்லாத கண். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை, அதனாலேயே அவர் முன்னால் நிற்பது கஷ்டம்.

பெரியவள் நின்றபடி சொன்னாள். குட்டை என்று தான் நினைத்தது தப்பு என்றாள். ரோட்டோர லாரித் தண்ணீரில் குளோரின் இல்லை என்றாள். லாரியை நிறுத்தியாயிற்று, காய்ச்சச் சொல்லியாயிற்று, குடத்துக்குக் குடம் மருந்து ஊற்ற ஆள் போட்டாயிற்று என்றாள். எல்லாம் ஒழுங்காக வந்தது. அவள் வேலையில் கெட்டிக்காரி, அதில் சந்தேகமில்லை.

"அது உங்க தம்பி ஓட்டுற வண்டி இல்லையா மேடம்?"

"ஆமா சார்."

"சொன்னதுக்கு நன்றி. சொல்றது கஷ்டம்னு எனக்குத் தெரியும்."

அந்த நன்றி அவளைச் சுட்டது. அதோடு அவர் விட்டிருக்கலாம். விடவில்லை.

"ஒண்ணுதான் எனக்குப் புரியல. வண்டி உள்ள வரும்போது தினமும் டெஸ்ட் பண்றோமே. எப்படித் தப்புச்சு?"

கேட்கப் போகிறார் என்று ஆற்றங்கரையிலிருந்து நடந்து வரும்போதே தெரியும். என்ன சொல்ல வேண்டும் என்றும் தெரியும். வழி நெடுக அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் வந்தாள். 'நான் ஏறலை சார்.' மூன்று சொல்.

"மாத்திரை தீந்துபோச்சு சார்" என்றாள். "கடைசியா வர்ற வண்டிக்கு மாத்திரை மிச்சம் இல்லாமப் போச்சு."

சட்டைப் பைக்குள் மாத்திரை அட்டை கிடந்தது. மூச்சு விட்டபோது அது நெரிபடும் சத்தம் அவள் காதுக்குக் கேட்டது. டாக்டருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"தீந்ததும் எங்கிட்ட சொல்லியிருக்கலாம். சரி, தம்பிய வரச் சொல்லுங்க."

சின்னவன் வந்து நின்றான். செருப்பை வாசலில் கழற்றியிருந்தான். மூட்டைக்காரர் பிள்ளைகளுக்கு ஆபீஸ் என்றால் செருப்பு தானாகக் கழன்றுவிடும்.

"மருந்தக் குறைச்சது நீங்களா?"

"ஆமா சார்."

"ஏன்?"

"சனங்க வாடை அடிக்குதுன்னு குடிக்க மாட்டேன்னாங்க."

"யாராவது குறைக்கச் சொன்னாங்களா?"

பெரியவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். எடைமேடையின் துருப்பிடித்த தகட்டின் மேல் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள்.

"எவரும் சொல்லல சார்" என்றான் சின்னவன். "நானாத்தான்."

அவன் அக்காள் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தாலாவது தேவலை.

டாக்டர் லாரிச் சாவியை வாங்கி மேசை மேல் வைத்தார். மேலதிகாரிகளுக்குத் தகவல் போயாக வேண்டும், ஒரு உயிர் போயிருக்கிறது, நாளைக்கு விசாரிக்க ஆட்கள் வருவார்கள், வீட்டிலேயே இருங்கள் என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பியவளைச் சிகிச்சைக் கூடாரத்து நர்ஸ் கை தட்டிக் கூப்பிட்டாள்.

"அக்கா, தையல்காரிக்கு மூத்திரம் போயிருச்சு."

அந்த வேலையில் இருப்பவர்களுக்கு அதைவிட நல்ல செய்தி கிடையாது. வற்றிப்போன உடம்பில் தண்ணீர் தங்கிவிட்டது, இனி பிழைத்துக்கொள்வாள் என்று அர்த்தம். பெரியவள் கூடாரத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"புருஷனத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா. நாங்க ஆளுக்கொண்ணு சொல்லிச் சமாளிச்சாச்சு. நீங்களே சொல்லிருங்கக்கா. நீங்க சொன்னாத்தான் நம்புவா. எதுக்கெடுத்தாலும் எத்தனதடவ அக்கா சொல்லுச்சு, எத்தனதடவ அக்கா சொல்லுச்சுங்கறா."

பெரியவள் மிதிதொட்டி வரைக்கும் போனாள். ஒரு காலை உள்ளே வைத்தாள். வைத்த காலை எடுத்துவிட்டாள்.

"கொஞ்சம் தெம்பு வரட்டும். நாளைக்குச் சொல்றேன்."

அந்தத் தெம்பு யாருக்கு வர வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. நர்ஸ் கேட்கவுமில்லை.

புருஷன் வெளியூரில் வேலை என்பதால், வெள்ளம் வந்த நாள் முதல் பெரியவள் அப்பா வீட்டில்தான் இருந்தாள். கிடங்குக்குப் பின்னாலேயே, வரிசை வீட்டில் ஒன்று. முன்னறையும் அடுப்படியும், அவ்வளவுதான்.

நுழைந்தபோது விளக்குப் போட்டிருந்தார்கள். சின்னவன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். அப்பா நின்றுகொண்டிருந்தார். அவர் நிற்கிற நேரம் இல்லை இது. இந்நேரம் டீக்கடையிலிருந்து வந்து காலை நீட்டியிருப்பார். இன்றைக்கு டீக்கடையில் அவருக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

"வா" என்றார். "நீயே சொல்லு. கடையில பேசுறாங்க. இவன் தண்ணியில மருந்து போடாம ஊத்தி ஆளக் கொன்னுட்டானாம். நெசமா?"

"அப்பா, அது..."

"நெசமா, இல்லையா?"

"மருந்து கம்மியாத்தான் இருந்துச்சு."

"யாரு கண்டுபுடிச்சா?"

பெரியவள் வாயைத் திறப்பதற்குள் சின்னவன் சொன்னான். "அக்காதான்."

அப்பாவின் முகத்தில் ஒரு கணம் அந்தப் பழைய பெருமை வந்து போனது. அதைப் பார்ப்பதற்குக் குழியருகே நின்றதே மேல். மறுகணம் அவர் சின்னவன் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கிடங்குல நா முப்பது வருசம் மூட்டை தூக்குனேண்டா. ஒரு மூட்டையில ஒரு பிடி கொறஞ்சுதுன்னு எவனும் எம்மேல சொன்னதில்ல."

அடித்தார். பிள்ளைகள் மேல் கை வைக்காத மனுஷன். மூட்டைக் கொக்கி பிடித்துக் காய்த்த கை. விளக்கு அசைந்தது போல இருந்தது. சின்னவனின் தலை சுவரில் போய் இடித்து நின்றது. அவன் கையைத் தூக்கித் தடுக்கவும் இல்லை, கன்னத்தைத் தடவவும் இல்லை.

'அவன அடிக்காதீங்க, என்னைய அடிங்க' என்று சொல்ல வேண்டிய இடம் அது. அந்தச் சொற்கள் பெரியவளின் தொண்டை வரைக்கும் வந்தன. கூடவே வேறு சிலவும் வந்தன. வேலை. டாக்டர் சொன்ன நன்றி. முகாமில் இன்னும் கட்டிலில் கிடக்கிறவர்கள், தானும் போய்விட்டால் அவர்களை யார் பார்ப்பது. காரணங்கள் வரிசையில் வந்து நின்றன, லாரிக்கு முன்னால் குடங்கள் மாதிரி. ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது.

சொல்லாமலே நின்றாள்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். டீக்கடை இருக்கிற திசைக்குப் போகவில்லை.

கை கழுவ அடுப்படிக்குப் போனாள் பெரியவள். சின்னவன் பெண்டாட்டி அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அதிகம் பேசாதவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாத்தனார் எதிரில் உட்கார்ந்து பேசியதே இல்லை. இன்றைக்கு எழுந்திருக்கவில்லை. அடுப்பில் ஒரு பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"குடிக்கறதுக்கு அண்ணி" என்றாள். "இனிமே நம்ம வீட்டுலயும் காய்ச்சித்தான்."

"நல்லது."

பெரியவள் குழாயைத் திறந்து கையை நனைத்தாள். சோப்பு போட்டாள். கழுவினாள். மறுபடி சோப்பு போட்டாள்.

"நாளைக்கு விசாரிக்க வர்றாங்களாமே அண்ணி. வீட்டுல உள்ளவங்களையும் கேப்பாங்கன்னு அவரு சொன்னாரு."

"கேப்பாங்க."

சுள்ளியை உள்ளே தள்ளிவிட்டு அவள் திரும்பினாள். அழுத கண்தான். ஆனால் இப்போது அழவில்லை.

"அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் சாப்பிடும்போது பரிமாறுனது நாந்தான். நீங்க சொன்னதக் கேட்டேன். 'சரிக்கா, பாத்துக்கறேன்'னு அவரு சொன்னதையும் கேட்டேன். அவரு வாயத் தொறக்க மாட்டாரு. எங்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாரு."

பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று பொங்கி விளிம்பில் வழிந்தது. இரண்டு பேரில் யாரும் அதை இறக்கவில்லை.

"நா என்ன சொல்லட்டும்னு நீங்களே சொல்லுங்க அண்ணி. நீங்க என்ன சொல்றீங்களோ அதையே சொல்லிர்றேன்."